‘எதற்காக?’ என்றொரு கட்டம்

ஒருவர் கேட்பதை இன்னொருவர் செய்து கொடுக்கும் தொழிலில், நடுவில் உட்கார்ந்துகொண்டு ‘இது எதற்கு?’ என்று கேட்கிற பிராணியை இரண்டு பக்கமும் வெறுப்பார்கள்.

அந்தப் பிராணியாக நான் இரண்டு வருடம் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் முரளி சார் ஓர் இணையதளம் நடத்தினார். வேண்டிய பொருளின் படத்தையும் அளவையும் யார் வேண்டுமானாலும் அதில் போடலாம். லேத் பட்டறைக்காரர்கள், வார்ப்படக்காரர்கள், மாமல்லபுரத்துச் சிற்பிகள் ‘நான் செய்கிறேன்’ என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஏழுமலை அண்ணன் என்ற லேத்காரர் யாருக்கோ சாவி மாதிரி ஒன்றைக் கடைந்து கொடுத்துவிட்டு, அரை நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் படிவத்தில் ‘எதற்காக?’ என்று ஒரு கட்டம் முளைத்தது. பக்கத்தில் நட்சத்திரக் குறி, நிரப்பியே ஆக வேண்டும் என்று அர்த்தம். அதைப் படித்துச் சந்தேகப்படுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எம்.ஏ. தத்துவம் படித்துக்கொண்டு, கண்டக்டரிடம்கூட வாதம் செய்துகொண்டிருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிச் சாப்பிடும் சக பாவிகளே, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் சந்தேகத்தால் ஒரு பெண்ணின் வேலை வாய்ப்பே போயிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றவையெல்லாம் நான் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்ற கதை.

ஈரமான குண்டு

நான் சேர்ந்த முதல் வாரம். கோவளத்திலிருந்து ஒரு கோரிக்கை: ‘குண்டு, இரண்டாயிரம், அவசரம்.’ எதற்காக? ‘கடலுக்கு.’ பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது, நான் வேறு எதை நினைப்பேன்? கொஞ்சம் யோசித்ததும் வெடி போட்டு மீன் பிடிக்கிற கூட்டம் என்று தெளிந்தது. உடனே போனை எடுத்தேன்.

எதிர்முனையில் இருந்தவர் ஒரு மீனவர். கடல் யாருக்குச் சொந்தம், குஞ்சு மீன் செத்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிச்சம், சட்டம் என்ன சொல்கிறது என்று மூச்சு விடாமல் பேசினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மனம் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். நான் நிறுத்தியதும் பொறுமையாகச் சொன்னார்:

“மேடம், நான் கேட்டது ஈயக் குண்டு. வலைல அத்தக் கட்டலைன்னா வல மெதக்கும். மெதந்துகினு கீற வலைல மீனு தானா வந்து குந்திக்குமா இன்னா?”

உடைந்த மூக்கு

அந்த அவமானத்தில் நான் இளகிப்போனேன். ஏழைகளைச் சந்தேகிக்கும் வர்க்க புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு கோரிக்கை வந்தது. இரண்டடி அம்மன், கருங்கல். மூக்கும் வலது கையும் சிதைந்திருக்க வேண்டும். மேலே மண் ஏறிய நிறம் வேண்டும். எதற்காக? அந்தக் கட்டத்தில் ஒரு கட்டுரையே இருந்தது. பண்பாடு, பாரம்பரியம், காலத்தின் காயங்கள், வருங்காலச் சந்ததி. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. காயம்பட்ட கலைமகன் யாரோ என்று உருகி, அனுமதித்துவிட்டேன்.

அடுத்த நாளே மாமல்லபுரத்திலிருந்து சிற்பி போன் செய்தார். தோண்டி எடுத்த பழைய சிலை என்று சொல்லி வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டுவதற்கு என்பது அவருக்கு மூக்கைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. “அவர் எவ்வளவு அழகா எழுதியிருக்கார் தெரியுமா?” என்று நான் அப்போதும் வாதாடினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“எங்களுக்குக் கண்ணு தொறக்கத்தாம்மா தெரியும். மூக்கு ஒடைக்கறதுக்கு வேற ஆளப் பாருங்க.”

சத்தம் வராத பூட்டு

இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கியவள் என்ன செய்வாள்? இரும்பாகிவிட்டேன். இனி யார் எழுதினாலும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிய வாரத்தில்தான் வானதியின் கோரிக்கை வந்தது.

எஃகில் இரண்டு பூட்டுகள். தானாகவே விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு விரலால் தூக்கினால் திறக்க வேண்டும். பூட்டும்போதும் திறக்கும்போதும் துளிச் சத்தம் வரக் கூடாது. திங்கட்கிழமைக்குள் தேவை. எதற்காக? ‘சொந்த உபயோகம்.’ நீங்களே சொல்லுங்கள், சத்தமில்லாமல் ஒற்றை விரலால் திறக்கும் பூட்டுக்கு என்ன சொந்த உபயோகம் இருக்க முடியும், சொந்தமில்லாத வீட்டுக்குள் போவதைத் தவிர? நிராகரித்தேன். மறுநாள் அதே படம் மறுபடி வந்தது. இம்முறை கட்டத்தில் ‘மரச்சாமான்’. நேற்று ஒன்று, இன்று ஒன்று! முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி அரைப் பக்கத்துக்குப் பதில் எழுதி, மறுபடி நிராகரித்தேன். உள்ளுக்குள் ஒரு திருப்தி, ஏழுமலை அண்ணனை இன்னொரு ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று. வெள்ளிக்கிழமை மூன்றாம் முறையாக வந்தது, அதையும் நிராகரித்தேன். ‘எதற்காக?’ கட்டத்தில் இரண்டே வார்த்தை:

“உங்களுக்கு எதற்கு?”

மாடிப்படி

சனிக்கிழமை காலை யாரோ படியேறி வரும் ஓசை கேட்டது. ஒரு காலடி லேசாக, ஒன்று கனமாக. என் வயதுப் பெண். கையில் அந்தப் படம். “வானதி” என்று சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்காரப் போனவள், புடவையோடு சேர்த்து முழங்கால் பக்கம் எதையோ தூக்கினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். நான் குனிந்து பார்த்தேன்.

“பாத்தீங்களா? நீங்களும் கீழதான் பாத்தீங்க,” என்றாள். சின்ன வயதில் போலியோ வந்த கால். அதற்குப் போட்டிருந்த காலிப்பர் என்ற இரும்புச் சட்டத்தில் முட்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம். நின்றால் விழுந்து பூட்டிக்கொள்ளும், உட்கார அதைத் தூக்க வேண்டும். போன மாதம் ஒரு இன்டர்வியூவில் அந்த டக்குக்கு, கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேஜைக்கு அடியில் பார்த்தார்களாம். அதற்கப்புறம் படித்த படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, ‘லிஃப்ட் ரிப்பேரானா என்ன செய்வீங்க?’ என்பதோடு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்டர்வியூ. முதல் ஐந்து நிமிடமாவது தன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அதற்குத்தான் பூட்டு.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “இதை அந்தக் கட்டத்துலயே எழுதியிருக்கலாமே! அந்த நிமிஷமே அனுமதிச்சிருப்பேன்.” அவள் என்னைவிடப் பெரிய வாதக்காரி.

“அனுமதிச்சிருப்பீங்க. கூடவே ‘ஐயோ பாவம்’னு ஒரு வரி எழுதியிருப்பீங்க. கடையில திண்டுக்கல் பூட்டு வாங்கறவங்க கிட்ட உங்க வீட்ல என்ன இருக்குன்னு கேட்டுட்டா விக்கறாங்க?”

லேத்துப் பட்டறை

அன்று மத்தியானமே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏழுமலை அண்ணனின் பட்டறைக்குப் போனேன். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடிக்க வேண்டும். அவர் வளையத்தைத் தூக்கி விட்டார், மறுபடி தூக்கி விட்டார், டக், டக். “இரும்பும் இரும்பும் மோதிகினா கத்தத்தாம்மா செய்யும். நடுவுல நைலான் குடுத்தா வாய மூடிக்கும்,” என்றார். வளையத்தின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கடைந்து, நைலானில் மெல்லிய உறை செய்து உள்ளே இறுக்கினார். முதல் உறை தடித்துப்போய் வளையம் பாதியிலேயே நின்றது. வளையம் முழுக்க இறங்கவில்லையென்றால் முட்டி மடிந்து அவள் விழுந்துவிடுவாள். எங்களுக்குப் பயமாகிவிட்டது. அண்ணன் அசரவில்லை, அதைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று கடைந்தார்.

ஞாயிறு சாயங்காலம் வானதி பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். இருபது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட நழுவவில்லை. லேத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டோம், ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பெண்ணை நான் மூன்று முறை திருப்பி அனுப்பிய கதையை அப்போதுதான் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்:

“இன்னா பொண்ணும்மா நீ! ஸ்டேஷன்லயே என்னாண்ட எதுக்குன்னு ஒரு தபாதான் கேட்டாங்க. நீ மூணு தபா கேட்டுகீறியே!”

திங்கட்கிழமை

மத்தியானம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று மணிக்குப் போன் வந்தது. “சத்தமே வரல. முக்கால் மணி நேரம் என் முகத்தைப் பாத்துத்தான் பேசினாங்க. எல்லாம் படிப்பைப் பத்தின கேள்வி.” நான் ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். “முழுசாக் கேளுங்க,” என்றாள். முடித்து எழுந்து கதவுப் பக்கம் நடக்கும்போது, நடையைப் பார்த்துவிட்டு நடுவில் இருந்தவர் கேட்டாராம், ‘ஏம்மா, கால்ல என்ன? முதல்லயே ஏன் சொல்லல?’ என்று.

எனக்கு வந்த கோபத்தில் கம்பெனிப் பெயரைக் கேட்டேன், அங்கேயே போய் ஒரு மணி நேரம் வாதாட ஆயத்தமானேன். “வேண்டாம், அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாங்க,” என்றாள். அப்புறம்தான், அந்த ஆளுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்கத் தோன்றியது.

“‘உங்க விண்ணப்பத்துல அதுக்குக் கட்டமே இல்லியே சார்’னு சொன்னேன்.”

அந்த வாரமே முரளி சாரோடு இரண்டு நாள் வாதாடி, எங்கள் கட்டத்தின் நட்சத்திரத்தை எடுக்க வைத்தேன். அதன் பிறகு நியாயமானவர்கள் அதைக் காலியாக விட்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் பண்பாடு, பாரம்பரியம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள், யாரைச் சந்தேகப்படுவது என்பது எனக்கு ஒருவழியாகச் சுலபமாயிற்று.