வெர்னா அடி வாங்கிய படங்கள்

அடுத்திருந்த சமையலறையில் தட்டு உடையும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக. தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

என்னோடு குடியிருந்த வெர்னா சுவரோரம் நின்றாள். உதட்டில் ரத்தம். எதிரே அவள் புருஷன் ஆர்வில். ஞாயிறு மதியமே குடித்திருந்தான்.

சர்க்கஸோடு ஒக்லஹோமாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்தவள் வெர்னா. காதல் நகைச்சுவைப் படங்களில் பட்டு கவுன் போட்ட நாயகி மாடிப்படியில் உருண்டால், உண்மையில் உருள்வது டூப் போடும் இவள். நாயகி அறை வாங்கினால், வீங்குவது இவள் கன்னம். அப்படியும் அந்தப் படங்கள் என்றால் அவளுக்கு உயிர். என்னையும் இழுத்துக்கொண்டு போய், இருட்டில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும் எங்கள் கலிஃபோர்னியாவில் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் இருவரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று காட்டினால் தீர்ப்பு போச்சு. வெர்னா வாங்கிய தீர்ப்புக்கு அந்த வருடம் மறுநாள் முடிகிறது. அது தெரிந்துதான் ஆர்வில் வந்திருந்தான்.

"என்னடி முறைக்கிற? உன் படத்துல தட்டு பறக்கும், அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்குவாங்க. நேத்து தியேட்டரே கைதட்டுச்சு! இன்னிக்கு ராத்திரி நான் இங்கதான்."

"அது உடையறதுக்குன்னே செஞ்ச பிளாஸ்டர் தட்டு, முட்டாள். நீ உடைச்சது எங்கம்மா குடுத்தது."

ஓங்கி அறைந்தான். விழுவதே தொழிலானவள், விழுந்து, உருண்டு, எழுந்து நின்றாள். அடுத்து அவன் வீசிய குத்துக்கு அவள் குனிய, அது ஜன்னல் கண்ணாடியில் இறங்கியது. விரல்களிலிருந்து ரத்தம் தெறித்தது. அதே கையால் அவள் கழுத்தைப் பிடித்து நெரித்தான். நான் அலறினேன். வெர்னாவின் கை துழாவி, அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்தது. அவன் மணிக்கட்டில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவன் மண்டியிட்டுக் கத்தினான். அவள் மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"நீ அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல, ஆர்வில். அதுல அவ எவ்வளவு திட்டினாலும் ஹீரோ கேட்டுக்கிட்டு நிப்பான். அவ முடிச்சப்புறம்தான் வாயைத் திறப்பான். அதுக்குத்தான்யா ஊரே கைதட்டுது! ஏழு வருஷத்துல என்னை ஒரு பேச்சு முழுசா பேச விட்டிருக்கியா?"

"வெர்னா, நான் வந்து..."

"நான் இன்னும் முடிக்கல!"

சட்டி மறுபடி உயர்ந்தது. அவன் வாய் மூடியது.

"இப்ப முடிச்சிட்டேன். எழுந்து போ."

முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி அவன் வாசலைத் தாண்டினான். வெர்னா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.