வாதாமரம் அனுப்பிய கடிதங்கள்

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு. பால் வாங்கி வந்து, டிபன் முடித்து, துடைப்பத்துடன் மொட்டைமாடிக்கு ஏறினேன். திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வாதாமரத்தின் ஒரு கிளை எங்கள் மாடிக்கு மேல்தான் நிற்கிறது. அதன் சிவந்த இலைகள் மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொள்ளும். போன மழையில் தண்ணீர் படுக்கையறையில் இறங்கி மெத்தை நாசம். கிளையை வெட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. அவர் கவிஞர்.

அன்று அவரே ஒரு தாளோடு வந்தார். அடுத்த வாரம் விழுப்புரத்தில் கவியரங்கமாம். கல்லூரியில் தமிழ் படித்தவன் என்று எப்போதோ அவரிடம் உளறியிருந்தேன்.

“சும்மா பாராட்டாதீங்க சார். குறை இருந்தா சொல்லுங்க.”

கவிதை அந்த மரத்தைப் பற்றித்தான்.

*மாடிக் கெல்லாம் மடலனுப்பி*
*வாடி நிற்கும் வாதாமே*

எதுகை சுத்தம். மோனையும் பழுதில்லை. இலை உதிர்வது இயல்பு. அதை மரம் எழுதிய காதல் கடிதம் என்று தன் கருத்தை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்ற அணி. ஏற்றியவர் அவர், கடிதங்களைக் கோணியில் கட்டி இறக்குபவன் நான்.

“அணி ஜோரா இருக்குதுங்க. ஆனா எதுக்கு வாடி நிக்குது? நல்லா கொழுத்துக்கினுதான இருக்குது?”

“எதுகைக்குப் போட்டேங்க.”

“அதான் குறை. மரத்துக்கு ஒரு கஷ்டமும் வரலியே. எவன் கண்ணு கலங்குவான்?”

மனதாரத்தான் சொன்னேன். கவிதையில் திருப்பமே இல்லை. அதற்கான மருந்து எனக்குச் சாதகமாக அமைந்தது என் குற்றமல்ல. கிளையை ‘நீட்டிய கை’ என்று உருவகித்திருந்த வரியின் கீழ் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

“வெட்டுண்ட கை…” என்று முணுமுணுத்தார். அவர் கண்தான் முதலில் கலங்கியது. “ஆனா பார்க்காம எழுதினா பொய்யாயிடும் சார். காலையில வெட்டிடலாமா?”

அவர் படியிறங்கியதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

“மனசு மாறுறதுக்குள்ள ஜல்தியா ஆளுக்குப் போன் போடுங்க.”

திங்கள் காலை எழுந்ததும் முதல் வேலையாக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஆள் அரிவாளை ஓங்கினான். கீழே கவிஞர் பேனாவோடு கத்தினார்.

“மெதுவா வெட்டுப்பா! இன்னும் ரெண்டு வரி வரல!”