பகல் ஷிஃப்டும் அவன் பயிரும்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் தன் குடும்பத்தைப் படமாக வரைந்தாள். அம்மா கையில் கரண்டி, அவள் கையில் பலூன். நான் தாளின் அடிப்பக்கத்தில் முகத்தில் துண்டு போட்டுக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தேன். வகுப்பு ஆசிரியை என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, பாப்பாவின் அப்பா நன்றாக இருக்கிறாரா என்று தயங்கித் தயங்கி விசாரித்தாராம். நன்றாகத்தான் இருக்கிறார், நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் என்னைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் சமையலறைக்குப் போன பிறகு அந்தப் படத்தை எடுத்து இன்னொரு தரம் பார்த்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை எங்களுடையது. உலை முழுக்க மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் எப்போது மலிவோ அப்போதுதான் எங்களுக்கு விடியும். பதினோரு வருடமாக அது இரவில்தான் மலிவாக இருந்தது. என் மனைவிக்கு அதே பேட்டையில், ஒரு பிஸ்கட் கம்பெனியில் பகல் நேரப் பேக்கிங் வேலை. காலையில் மீஞ்சூரிலிருந்து அவள் வரும் ரயில் கும்மிடிப்பூண்டியில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும். அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் குடும்பம். அவள் வீட்டுச் சாவியைக் கொடுப்பாள். பாப்பா பக்கத்து வீட்டில் இருக்கிறாள், யூனிஃபார்ம் தேய்த்து வைத்திருக்கிறேன், சாம்பாரைச் சுட வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்பிப்பாள். அதே ரயிலில் நான் ஏறிப் போவேன். மாலையில் அவள் மீஞ்சூரில் இறங்கும்போது நான் எதிர் பிளாட்பாரத்தில் வேலைக்கு ரயில் ஏறிக்கொண்டிருப்பேன். கையசைத்துக்கொள்வோம், கல்யாணமாகாதவர்கள் போல.

ரயிலில் எனக்குத் துணை என் கூட்டாளி. ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச், ஆலையில் ஒரே உலை, இறங்கும் ஸ்டேஷனும் ஒன்று. இடையில் இரண்டு வருடம் கல்பாக்கம் பக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்துவிட்டு வந்தான். அதிலிருந்து அணு மின்சாரத்துக்கு அவன்தான் வக்கீல். எனக்கு மொட்டை மாடி நிறைய சூரியத் தகடு போட வேண்டும் என்று பல வருட ஆசை. ஆகவே வெயிலுக்கு நான் வக்கீல். மீஞ்சூரில் ஆரம்பிக்கும் வழக்கு கவரைப்பேட்டை தாண்டியும் ஓயாது. எதிர் சீட்டுக்காரர்கள் தூங்குவது போல நடிப்பார்கள்.

அவன் கட்சி இது. உலையும் கைக்குழந்தையும் ஒன்று, பசித்தால் பகலா இரவா என்று பார்க்காது. வெயில் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும். காற்றை நம்பலாமா என்றால், "ஆடிக் காத்துல அம்மி பறக்கும். ஐப்பசில பஞ்சு கூடப் பறக்காது. அப்ப இன்னா பண்ணுவ?" என்பான். எந்நேரமும் அணையாமல் எரிகிற ஒன்று அடியில் இருந்தால்தான் மேலே வெயிலும் காற்றும் வந்து போக முடியும் என்பது அவன் வாதம். நான் விடுவேனா. எரிந்த பிறகு மிஞ்சுகிற கழிவை உன் பேரன் காப்பானா, அவன் பேரன் காப்பானா என்று கேட்பேன். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் கடலோரத்து ஜனம் எங்கே போகும் என்பேன். பேட்டரி வந்துகொண்டிருக்கிறது, பகல் வெயிலைப் பிடித்து இரவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன். உலைக்குப் போதுமான பேட்டரியை எங்கே வைப்பாய், உன் ஊட்டுப் பரண்லயா என்பான். நிலக்கரி விஷயத்தில் மட்டும் இரண்டு வக்கீலும் ஒரு கட்சி. பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் படிவதால், மீஞ்சூரில் கொடியில் காயும் வெள்ளைத் துணியை உதறாமல் மடிக்கிற வீடு கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு மீஞ்சூருக்குக் கிழக்கே கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. போர்வெல் தண்ணீர் உப்பாகி நெல் கருகவே, பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து ஒரு சூரிய மின் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டான். கையெழுத்துப் போட்ட அன்று சாட்சிக்குப் போனதே நான்தான். வரப்புகூட இல்லாமல் இப்போது முழுக்கத் தகடு. வாயில் அணு, வயலில் வெயில் என்று நான் ஓட்டாத நாள் இல்லை. அதெல்லாம் வயிற்றுப்பாடு, கொள்கை வேறு என்று கூசாமல் சொல்வான்.

போன கோடையில் எங்கள் ஆலையும் தெற்கே ஒரு சூரிய மின் பண்ணையோடு ஒப்பந்தம் போட்டது. பகல் மின்சாரம் மலிவானது. பொங்கல் வரை பகலில் உருக்கிப் பார்க்கலாம், கடைசி ஹீட்டை ஐந்து மணிக்குள் இறக்கிவிட வேண்டும், சரிப்படாவிட்டால் பழையபடி இரவுதான் என்றார் மேலாளர். ஒரு தரம் உலையை நிரப்பி உருக்கி இறக்குவதை நாங்கள் ஒரு ஹீட் என்போம்.

முதல் நாள் சாயங்காலம் நானும் மனைவியும் ஒரே ரயிலில், ஒரே சீட்டில் வீடு திரும்பினோம். அனுப்பம்பட்டு வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் என் மகள் ஏழு மணிக்கு ஒரு தரமும் எட்டு மணிக்கு ஒரு தரமும், வேலைக்குப் போகவில்லையா, திட்ட மாட்டார்களா என்று கவலையாகக் கேட்டாள். வாய்ப்பாடு ஒப்பித்தாள். என் வயிற்றின் மேல் கால் போட்டுத் தூங்கினாள். அந்த நாட்களில் நான் வெயிலைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. கூட்டாளியும் பகலுக்கு வந்துவிட்டான். சாயங்காலம் வீட்டில் தன் மனைவி கையால் சுடச்சுடச் சாப்பிட்டு அவனும் ஒரு சுற்று பெருத்துவிட்டான். தோசை நல்லாத்தான் கீது, அதுக்காக அணுவை விட்டுத் தர முடியாது என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையிலேயே கொட்டித் தீர்த்ததில் பழைய இரும்பெல்லாம் நனைந்து, முதல் ஹீட் தாமதம், இரண்டாவதும் தாமதம். மூன்றாவதில் பாதி உருகியபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. நனைந்த இரும்பைக் காயவைக்காமல் உலையில் போடக் கூடாது. உருகிய இரும்புக்குள் தண்ணீர் போனால் நொடியில் ஆவியாகி வெடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித் தருகிற பாடம். ஆனால் அன்று கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஐந்துக்குள் முடியாவிட்டால் பகல் போய்விடும் என்ற ஒரே நினைப்பு. கிரேனில் தொங்கிய இரும்புக் கட்டு வெளியில்தான் ஈரம், உள்ளே காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இறக்கு என்று கை காட்டினேன்.

கூட்டாளி கீழே தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கட்டு தலைக்கு மேல் போகையில் அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் கழுத்தில் விழுந்திருக்கிறது. படியேறி ஓடிவந்து என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் தடுப்புச் சுவருக்கு இந்தப்பக்கம் விழுந்தோம். டம்மென்று ஒரு சத்தம். நான் நின்றிருந்த இடத்தில் உருகிய இரும்பு சிதறிக் கிடந்தது. எனக்கு முழங்கையில் ஒரு பொட்டு, அவனுக்குத் தோளில் ஓர் உள்ளங்கை அகலம். அவ்வளவோடு போயிற்று. அவன் எழுந்து என்னை அடிப்பான் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டு வரச் சொல்லிக் கத்தினான்.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நிதானமாகப் பேசினார். பகல் ஏற்பாடு நல்லதுதான், ஆனால் ஐந்து மணிக் கெடு வைத்தால் அவசரம் வரும், அவசரம் ஆளைத் தின்னும். ஆகவே கெடு வேண்டாம். பகலில் முடியாததை இரவில் ஒரு சின்னக் குழு நிதானமாக முடிக்கட்டும். அதற்கு அனுபவஸ்தன் ஒருவன் நிரந்தரமாக இரவுக்கு வேண்டும், உங்கள் இருவரில் ஒருவர் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நியாயமும் அதுதான். எனக்கு அந்தப் படம், துண்டு மூடிய முகம், கண் முன்னால் வந்து நின்றது.

கூட்டாளி முந்திக்கொண்டான். "நான் ராத்திரிக்கு வரேன் சார். பகல்ல எனக்குப் பயிர் வேல கீது, ஆளே கெடைக்கல. இது எனக்குத்தான் தோது."

மேலாளருக்கு அவன் நிலத்தைப் பற்றி என்ன தெரியும். சரி என்று எழுதிக்கொண்டார். தகடு முளைத்த நிலத்தில் என்ன பயிர் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இரவு எனக்கு. மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும், ஏன்டா என்றேன். "ராத்திரில சூரியனும் இல்ல, காத்தும் இல்ல. யாரு கரண்ட்டுல உலை ஓடுது? என் கரண்ட்டு. அதான் நானே வந்து பாத்துக்கறேன்," என்றான். தோளில் கட்டு இருந்தது. அவன், நாஷ்டா துன்னலாம் வாடா, பேஜாரு பண்ணாதே என்று முன்னால் நடந்தான்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் பொய் சொன்னது பெரிசில்லை, நீங்க சும்மா உக்காந்துக்கினு இருந்தீங்களே என்றாள். மறுநாள் முதல் அவள் காலையில் கட்டுகிற சாப்பாட்டு டப்பா மூன்றிலிருந்து நான்கானது.

வழக்கு இன்னும் முடியவில்லை. கழிவைப் பற்றிய என் பயம் போகவில்லை, பேட்டரியைப் பற்றிய அவன் கேலியும் போகவில்லை. ஆனால் பகலில் நான் இறக்காமல் விட்ட உருக்கை இரவில் அவன் இறக்குகிறான். அவன் விட்டுவைப்பதைக் காலையில் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேச இப்போது எனக்கு நாக்கு வருவதில்லை.

தினமும் மாலை கும்மிடிப்பூண்டியில், நாங்கள் திரும்பும் ரயிலிலிருந்துதான் அவன் இறங்குவான். முன்பு காலையில் மனைவியோடு எனக்கிருந்த அதே பத்து நிமிடம். என் மனைவி டப்பாவைக் கொடுப்பாள். நான் தவறாமல் கேட்பேன்.

"இன்னாடா, பயிர் எப்படி கீது?"

"வெயில் நல்லா அடிக்குது. வெளைஞ்சிக்கினு கீது."

போன வாரம் பள்ளி விடுமுறை என்று மகளும் எங்களோடு வந்திருந்தாள். ரயில் கிளம்பியதும் என் கையைச் சுரண்டினாள். மாமா நிலத்தில் பயிரே கிடையாதே, முழுக்கக் கண்ணாடிதானே, மாமா ஏன் பொய் சொல்றாரு என்றாள்.

"பொய் இல்ல கண்ணு. பயிர் கீது," என்றேன். "அதத்தான் தெனம் சாயங்காலம் நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்து துன்னுக்கினு கீறோம்."