எங்கள் வீட்டு ஃபில்டர் தண்ணீர்

சென்ற வாரம் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைச் சரிபார்க்க வந்தவர், உள்ளேயிருந்து பழைய வடிகட்டியை உருவி எடுத்து, "பாருங்க சார், எவ்ளோ அழுக்கு" என்று என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பொருள் செம்மண் நிறத்தில் இருந்தது. அதை முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் ஏதுமில்லை, ஆனாலும் முகர்ந்தேன். ஐப்பசி மழையில் எங்கள் தெருக்கோடிக் குழாயில் வந்த தண்ணீரின் வாடை அப்படியே இருந்தது. அவர் புதிய வடிகட்டியை மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு விதத் தண்ணீர் உண்டு. கொல்லைக் கிணற்று நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். வாயில் வைத்தால் உப்பு. சோப்பு அதில் நுரைக்காது. வெந்நீர் அண்டாவின் உட்புறம் சுண்ணாம்புப் பொருக்காகப் படிந்திருப்பதை அம்மா கரண்டியால் சுரண்டுவாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நிற்கும் நேரங்களில் அந்தச் சுரண்டல் தெரு முழுவதும் கேட்கும். குழாய்த் தண்ணீருக்கு ருசி உண்டு, ஆனால் மழை பெய்தால் நிறம் மாறிவிடும். அதை மூன்றாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி, வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலாக மொண்டு காய்ச்ச வேண்டும். திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்கு இந்த ஏற்பாடுகள் கடைசிவரை ஒப்பவில்லை.

"எங்க ஊரு கெணத்துத் தண்ணில பருப்பு பஞ்சாட்டம் வேகும்பா. இங்க என்னடான்னா, பருப்புக்கு ரோஷம் வந்துக்கினு அப்படியே நிக்குது" என்பாள்.

பருப்பின் ரோஷத்துக்குக் கால்சியம் உப்புகளே காரணம் என்று நான் அவளுக்கு விளக்கியிருக்கிறேன். வேதியியலில் பட்டம் பெற்ற புதிதில் நான் எவருக்கும் எதையும் விளக்காமல் விட்டதில்லை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்ததும் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் எவர்சில்வர் ஃபில்டர்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள். மேல் பாத்திரத்தின் அடியில் பீங்கானால் ஆன இரண்டு கேண்டில்கள். கீழ்ப் பாத்திரத்தில் ஒரு குழாய். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அதை முன்கூடத்தில் முக்காலிமேல் நிறுத்தியபோது, கல்யாணத்துக்கு வந்ததுபோல் தெருவே வந்தது.

பக்கத்து வீட்டுச் சரோஜா அப்போது தலைச்சன் பிள்ளைக்கு ஆறு மாதக் கர்ப்பம். அவள் கணவர் ஏகாம்பரம் தறி நெய்பவர். சரோஜா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, மெழுகுவத்தியை உள்ள நட்டு வச்சிருக்கீங்க? கரன்ட் போனா ஏத்திக்கலாமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் கிருமிகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அந்தப் பீங்கானின் நுண்துளைகள் வழியே நோய்க்கிருமி நுழைய முடியாது, ஆகவே இனித் தண்ணீரைக் காய்ச்ச வேண்டிய அவசியமில்லை, விறகும் மிச்சம். ஒரு வீட்டில் மட்டும் நல்ல தண்ணீர் இருப்பது நியாயமல்ல என்றும், கேட்பவர்க்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்றும் அம்மாவிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, ஞாயிறு மாலை சென்னைக்குப் பேருந்து ஏறினேன். தெருவில் அன்று எனக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

அதன்பின் சில மாதங்கள் ஊருக்குப் போக வாய்க்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் போய் இறங்கியபோது நல்ல மழை. தலையைத் துவட்டிக்கொண்டிருக்கையில், தூக்குப் பாத்திரத்துடன் சரோஜா உள்ளே வந்தாள். முகம் வாடியிருந்தது.

"பாப்பாவுக்கு நாலஞ்சு நாளா வயித்தால போவுது தம்பி. மருந்து குடுத்துக்கினுதான் இருக்கேன், நிக்க மாட்டேங்குது."

"தண்ணி காய்ச்சித்தானே குடுக்கறீங்க?"

"எதுக்குக் காய்ச்சணும்? நீங்கதான் சொன்னீங்களே. பால் பவுடர் கலக்கறதுகூட உங்க வூட்டு ஃபில்டர் தண்ணிதான்." குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. பாத்திரம் நிறைந்ததும் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தத் தண்ணீர் கொட்டிய வேகம் என்னை உறுத்தியது. கேண்டில் ஃபில்டரில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அத்தனை பேர் பிடிக்கும் வீட்டில் கீழ்ப் பாத்திரம் அவ்வளவு நிறைந்திருக்க வழியில்லை. மேல் மூடியைத் திறந்தேன். இரண்டு கேண்டில்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றின் வழியே கீழே குழாய்த் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது.

"அம்மா, கேண்டில் எங்கே?"

"அரிசி டின்னுல பத்திரமா வச்சிருக்கேன்பா" என்றாள் அம்மா, சாதாரணமாக. வைகாசிக் கருட சேவையன்று வெயிலில் சுவாமி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம், ஃபில்டர் தண்ணீர் என்று கேள்விப்பட்டு எங்கள் வாசலில் நின்றிருக்கிறது. கேண்டில்களிலோ வண்டலும் சுண்ணாம்பும் அடைத்து, சொட்டுவதும் நின்றுபோயிருந்தது. "சாமி பாத்துட்டு வர்ற ஜனம் தொண்ட காஞ்சிக்கினு நிக்குது. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? இன்னிக்கி மட்டும்னு கழட்டினேன். அப்புறம் தெருவுல எல்லாரும் இப்பதான் நல்லா வருதுன்னாங்க. அப்படியே விட்டுட்டேன்."

அவளுக்குக் கேண்டில் என்பது பாத்திரத்தின் ஓர் அலங்காரம். மகன் வாங்கி வந்த ஃபில்டர் என்பதே தண்ணீரைச் சுத்தமாக்கப் போதுமானதாயிருந்தது. அப்படி அவள் நம்பியதில் வியப்பில்லை. கிருமியைப் பற்றி அவ்வளவு பேசிய நான், கேண்டிலை எப்படித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதை ஒரு வரிகூடச் சொல்லியிருக்கவில்லை. வாசலில் வந்து நிற்பவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாதவள் அவள் என்பதையும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"அந்தக் குழந்தை அந்தத் தண்ணியத்தான் குடிக்குது, காய்ச்சாம" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவில் அம்மாவின் பெயர் என்னாகும்? காரணத்தைச் சொல்லாமல், மழைக்காலம் என்பதால் காய்ச்சிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னால் போதாதா? குழந்தைக்கும் பாதுகாப்பு, எவருக்கும் அவமானமில்லை. பார்க்கப்போனால் நல்ல யோசனைதான். அதற்கு ஏற்ற சொற்களை நான் தேடிக்கொண்டிருக்கையில் அம்மா மழையில் இறங்கிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சரோஜாவின் கையிலிருந்து பால் புட்டியைப் பிடுங்கி முற்றத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "குடுக்காதடி, குடுக்காத. அது ஃபில்டர் தண்ணி இல்ல. வெறும் குழாத் தண்ணி. நான் அந்தக் கேண்டிலைக் கழட்டி மாசக்கணக்கா ஆவுது."

ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். அம்மாவைத் தாண்டி வந்து நின்றார். என்னைப் பார்த்து, "படிச்சவங்க வூட்டுத் தண்ணின்னு குடிச்சோம்பா" என்றார். அவ்வளவுதான். ரிக்‌ஷா பிடிக்கப் போய்விட்டார். சரோஜா துவண்டு கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன்க்கா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா காய்ச்சியிருப்பேனே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு வீடுகளிலும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். குழந்தை கண் திறந்து வீறிட்டு அழுதது என்று ஏகாம்பரம் வந்து சொல்லும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நோய்க்குக் காரணம் அந்தத் தண்ணீர்தான் என்று இன்றுவரை எவராலும் நிரூபிக்க இயலாது. புட்டியாக இருக்கலாம், ஈயாக இருக்கலாம். படித்த மூளை இப்படியொரு வாதத்தை எனக்குக் கொடுத்தது. ஆனால் எரிந்துகொண்டிருந்த ஓர் அடுப்பை அணைக்கச் சொன்னது என் சொல் என்பதற்கு எந்த நிரூபணமும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை அம்மா தெருக்கோடிக் குழாயில் குடம் வைத்து நின்ற அத்தனை பேரிடமும் தானே சொன்னாள். "எங்க வூட்டு ஃபில்டர்ல ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் காய்ச்சிக் குடிங்க." ஒருத்தி வாய்விட்டுச் சிரித்து, "அப்ப இத்தினி நாளு இந்தத் தண்ணியத்தான் ஐஸாட்டம் இருக்குது, தேனாட்டம் இருக்குதுன்னு குடிச்சமா?" என்றாள். வேறொருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குழாயிலிருந்து இரண்டு வீடு தள்ளியிருந்த எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை.

குழந்தை வீடு திரும்பிய பிறகு, இனி சரோஜா எங்கள் படியேற மாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அதே தூக்குப் பாத்திரத்துடன் வந்தாள். வாசலிலேயே நின்று, "காய்ச்சினதாக்கா?" என்று கேட்டாள். "இப்பதான் எறக்கினேன், சூடா இருக்குது பாத்து" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அந்தத் தெருவுக்காக ஒரு தவலைத் தண்ணீர் எங்கள் அடுப்பில் தினமும் கொதித்தது. சரோஜா ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். குத்திக் காட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. அம்மா ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள். ஊரில் இருக்கும் நாட்களில் அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

அம்மா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. சரோஜாவின் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுச் செவிலிமேட்டுப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அண்மையில் அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசல்தோறும் நீல நிறத் தண்ணீர் கேன்கள். எங்கள் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண், நான் யார் என்று சொன்னதும் அன்போடு உட்காரச் சொல்லி, மூடி திறக்காத ஒரு பாட்டிலைக் கொடுத்தார். அதன்மேல் நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தது. "இது யார் தண்ணீர்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "கடையில வாங்கினது சார், நல்லாத்தான் இருக்கும்" என்றார். குடித்தேன்; நன்றாகத்தான் இருந்தது. அதில் ஏதேனும் தவறு நேர்ந்திருந்தால் மழையென்றும் பாராமல் ஓடி வந்து, குடிக்காதே என்று என் கையிலிருந்து பிடுங்க அந்தத் தெருவில் எவருமில்லை.