உள்ளிருந்து பூசிய வாசல்

பனிக்கால ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு ஆபிரிக்க வெப்பத்துக்குள் நுழைவது இத்தனை ஆண்டுகளாகியும் எனக்குப் பழகவில்லை. கண்ணாடிக்கு வெளியே ரொறொன்ரோவின் பனி. உள்ளே, மிருகக்காட்சிசாலையின் ஆபிரிக்கப் பறவைக்கூடத்தில், இரண்டு வகை இருவாய்ச்சிகள். மில்லிக்கனில் உள்ள வீட்டிலிருந்து நானும் கணவரும் பஸ் மாறி வந்திருந்தோம். கண் பழுதினால் அவர் இனிக் காரோட்டக்கூடாது என்று முந்தின வாரந்தான் மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. வீட்டை விற்றுவிட்டுக் கல்கரியில் மகளோடு போய் இருப்பதா என்ற பேச்சைத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருந்தோம்.

தரை இருவாய்ச்சி கறுப்பு. நீண்ட இமைமயிர் கொண்டது. நாள் முழுவதும் புல்வெளியில் நடந்தே இரை தேடுவது. அதன் பெண் அடைகாக்கும்போதும் பொந்தின் வாசல் திறந்தேயிருக்கும். வெள்ளிக்கன்ன இருவாய்ச்சியோ உயர்ந்த மரங்களில் வாழ்வது. பெண் பொந்துக்குள் புகுந்ததும் வாசல் மண்ணால் அடைபடும். மிஞ்சிய கீற்றுத் துவாரத்தின் வழியே ஆண் மாதக்கணக்கில் பழம் ஊட்டும்.

"நான் உம்மை வைச்சிருந்த மாதிரி," என்றார் கணவர். "கடை, கோயில், லைப்ரரி, எல்லாம் ஏத்தி இறக்கி."

"ஓம். பழந்தான் குறைவு."

அங்கு நின்ற பணிப்பெண்ணிடம், வாசலை அடைப்பது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பயப்பட வேண்டாம், எல்லாக் கதவுகளும் பூட்டியிருக்கின்றன என்றாள் அவள். கணவர் சிரித்தார். பொந்தைக் காட்டி மறுபடி கேட்டேன். ஆண் மண்ணுருண்டை கொண்டுவரும், உள்ளேயிருந்து பூசுவது பெண்தான் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போர்க்காலத்தில், ஊரில், விமானம் தலைக்குமேல் இரைய, தினமும் சைக்கிள் மிதித்துப் போய்ப் படிப்பித்தவள் நான். இங்கு வந்த முதல் பனிமாரியில் அவர் கார்ச் சாவியை நீட்டினார்: "பழகுமன், நான் பக்கத்தில இருக்கிறன்." "உந்தப் பனிக்குள்ள என்னால ஏலாது," என்றேன். அடுத்த மாரியிலும் அதையே சொன்னேன். பிறகு அவர் கேட்கவில்லை. அவர் விடவில்லை என்றே தோழியரிடம் சொல்லிவந்திருக்கிறேன். நான் அப்படிச் சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்டபோதும் அவர் மறுத்துப் பேசியதில்லை.

"வீட்டை விக்க வேண்டாம். நான் கார் ஓடப் பழகிறன்," என்றேன்.

"இந்த வயசிலையோ?" என்றார். பிறகு, "நானும் காரில ஏறி இருக்கலாமோ?"

"இருங்கோ. வாய் திறக்கக் கூடாது."

இப்போது வாரம் இருமுறை பாடம். பின் ஆசனத்தில் அவர், நான் சொன்னபடியே, வாய் திறக்காமல் இருக்கிறார். ஸ்டீல்ஸ் வீதிக்குள் வலப்புறமாகக் காரைத் திருப்புமுன் என் தலை தானாகவே வலப்பக்கம் திரும்புகிறது; ஊரில் வாகனம் வரும் பக்கம் அது. இங்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு எதிராக எதுவும் வருவதில்லை. "அன்ரி, இடப்பக்கம் பாருங்கோ," என்கிறாள் பழக்குபவள். பார்க்கிறேன். கனடா முழுவதும் அங்கிருந்து வந்துகொண்டிருக்கிறது.