வாசலோடு நின்ற விளக்கு

போன வருடம், கிள்ளானில் என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியில் நடந்தது இது. புதுப்பித்த அறிவியல் கூடத்துக்கு அன்று திறப்பு விழா.

செலவை ஏற்றுக்கொண்டவர் பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அடுத்து கணினி அறையையும் அவரிடமே கேட்டுவிடலாம் என்று எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு கண். மனிதர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே! வரவேற்பு என் பொறுப்பு. நான் விடுவேனா? பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் தட்டு, தட்டில் எரியும் காமாட்சி விளக்கு. கூடத்துக்குள் வைத்திருந்த குத்துவிளக்கை அந்தச் சுடரால்தான் அவர் ஏற்றுவதாக ஏற்பாடு.

கூடத்துக்குள் நெருப்பு வேண்டாமே என்று அறிவியல் ஆசிரியை முதலிலேயே இழுத்தார். நானும் சும்மா இருக்காமல் பேசிப் பேசிக் கரைத்தேன். கடைசியில், ரசாயனங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அரைமனதாகச் சம்மதித்தார்.

மங்கள இசை ஒலிக்க, பெரியவர் பின்னால் வர, தட்டோடு நான் முன்னால் போனேன். கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி என் மகள் நின்றாள். ஆறாம் ஆண்டு மாணவி. அறிவியல் கழகத் தலைவி. வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டாள்.

"அம்மா, அங்கேயே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை பேர் முன்னால் பெற்றவளை இப்படியா? "தள்ளு லா, இது சாமி விளக்கு!" என்று பல்லைக் கடித்தேன். அவள் அசையவில்லை. விரித்த கைகளும் இறங்கவே இல்லை.

"ஸ்பிரிட் ஊத்திக் கிடக்கும்மா. விளக்கைத் தூரமா கொண்டு போங்க. டீச்சரைக் கூப்பிட ஆள் அனுப்பியாச்சு."

நாற்காலி போட இடம் போதவில்லை என்று யாரோ அலமாரியை நகர்த்தியிருக்கிறார்கள். உள்ளே பாட்டில் சாய்ந்து, ஸ்பிரிட் தரையெல்லாம் ஓடியிருக்கிறது. அதைப் பார்த்த என் மகள் எதையும் தொடவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு வாசலை மறித்துக்கொண்டாள். பாடத்தில் சொல்லிக் கொடுத்தது அப்படித்தானாம். தலையில் இருந்த மல்லிகை வாசத்தில் ஸ்பிரிட் வாடை எனக்கு உறைக்கவே இல்லை. இன்னும் பத்தடி நான் போயிருந்தால்?

நல்ல காரியத்துக்கு ஏற்றிய விளக்கை அணைக்கவும் மனம் வரவில்லை. முந்தானையால் காற்றை மறைத்தபடி வந்த வழியே திரும்பினேன். முதலில் விலகி வழி விட்டது அந்தப் பெரியவர்தான். "எல்லாரும் பின்னாடி போங்க! பாப்பா சொல்றதைக் கேளுங்க லா!" என்று அவரே சத்தம் போட்டார். பாதி உயிர் அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது.

ஆசிரியை ஓடி வந்து சுத்தம் செய்ய, விழா பள்ளித் திடலுக்கு மாறியது. குத்துவிளக்கு உள்ளேயே இருந்துவிட்டதால், என் தட்டில் இருந்த சின்ன விளக்கைத்தான் மேடையில் வைத்துக் கும்பிட்டோம்.

வாடையெல்லாம் போனபிறகு, கூடத்தைப் பார்க்கப் பெரியவரை அழைத்துப் போனார்கள். என் மகள் பாதுகாப்புக் கண்ணாடியை நீட்ட, தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சமர்த்தாக உள்ளே போனார். நானும் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன்.

"அம்மா, வெறுங்காலோட வரக்கூடாது. ஷூ வேணும்."

செருப்பும் ஆகாதாம். இரண்டாவது முறையாக நான் வெளியே! பக்கத்தில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் நீர் முட்டியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அத்தனை பெரியவர்களையும் வரிசையில் நிற்க வைத்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை!

எத்தனையோ வாசல்களில் என்னை "வாங்க, வாங்க" என்று அழைத்திருக்கிறார்கள். அதெல்லாம் மறந்துபோகும், என் மகள் "உள்ள வராதீங்க" என்று சொன்னது மட்டும் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது.