மூன்றாம் படியில் ஒரு துண்டு

தேனியில் மாநில விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வெற்றி மேடையில் இப்போது பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்தான் உட்காருகிறார்கள்.

துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இன்று அந்த மேடையின் மூன்றாம் படியில் ஒரு துண்டு கிடந்தது. துண்டுக்காரர் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆள் வருதாண்ணே?" என்றேன் கடுப்பாக.

"எம் மக நின்ன இடம் தம்பி. ஓட்டத்துல மூணாவதா வந்து, இங்கன நின்னுதான் கையாட்டுனா."

"பாப்பா இப்ப எங்கண்ணே இருக்கு?"

"போன வருசம் காய்ச்சல்ல போயிட்டா."

கடமலைக்குண்டு பஸ் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

என் கைக்குட்டையை அந்தப் படியில் விரித்துவிட்டு நின்றுகொண்டேன்.

நாளை அங்கே பஸ் ஏறுகிறவர்களே, யாராவது கேட்டால் ஆள் வருது என்று சொல்லிவிடுங்கள்.